நீதிபதி பேசி முடித்த பிறகு வரும் அரை நிமிடம்

"ஏண்ணே, அப்பீல் போட்டுட்டு ஜாமீன்ல வெளிய வர வேண்டியதுதானே?" என்று தம்பி போனில் கேட்டான். அவன் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிற வக்கீல். அவன் கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் ஜாமீனில் இருந்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அவர் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னால், தண்டனை கொடுத்த நீதிமன்றமே அவரை ஜாமீனில் விட வேண்டும். மறுப்பதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும். முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் என்ற புதுச் சட்டத்தின் 430ஆம் பிரிவு. மேல்முறையீட்டில் முடிவு வருமுன் தண்டனை தீர்ந்துபோய்விடக் கூடாது என்ற எண்ணம் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது நான் இருக்கிற அமெரிக்காவில் ஒரு ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றம் கொடுத்த ஒன்பது மாதச் சிறையைப் பற்றி. சிறையிலிருந்து வந்த பிறகு கண்காணிப்பில் இருந்தவர் நிபந்தனைகளை மீறியதற்காகக் கிடைத்த ஒன்பது மாதம். இங்கே ஏன் அப்படி வெளியே வர முடியாது என்று அவனுக்கு விளக்கப் போய்த்தான், எனக்கே இந்த விஷயம் முழுசாக உறைக்க ஆரம்பித்தது. அதன் பிறகு மனது ஆறவில்லை.

அந்த மனிதரின் பெயரையும் ஊரையும் எழுதப் போவதில்லை. எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமைகளில் வேலை விண்ணப்பம் எழுத உதவுகிற ஒரு சின்னக் குழுவில் நான் இருக்கிறேன். சிறையிலிருந்து வந்தவர்கள் அங்கே நிறையப் பேர் வருவார்கள். வேலை பார்ப்பதும் வேலை தேடுவதும் அவர்களுக்கு நீதிமன்றம் போட்ட நிபந்தனை. இவரும் அப்படி வந்தவர்தான். கூரை போடும் வேலை தெரிந்தவர், அதிகம் பேசாதவர். போதைப்பொருள் விற்ற வழக்கில் தண்டனையை முடித்துவிட்டு, மூன்று வருடக் கண்காணிப்பில் பாதியைத் தாண்டியிருந்தார். அப்புறம் சறுக்கல் வந்தது. சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டார். போன தடவைகளில் இரண்டில் போதைப்பொருள் தெரிந்தது. கவுன்சிலிங்கை நிறுத்திவிட்டார். பக்கத்து மாநிலத்தில் ஒரு கூரை வேலை கிடைத்தபோது, அனுமதி கேட்டால் நாளாகும், வேலை கைவிட்டுப் போகும் என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். அவரைக் கண்காணிக்கிற ப்ரொபேஷன் அதிகாரி நீதிமன்றத்தில் மனு போட்டார். விசாரணையன்று பின்வரிசையில் தெரிந்த முகம் ஒன்று இருந்தால் தெம்பாக இருக்கும் என்று அவர் கேட்டதால் நான் போய் உட்கார்ந்தேன். 2025 பிப்ரவரி அது.

பரோல் போய் வந்தது

இந்த ஏற்பாட்டை நம்மவர்கள் பலரும் பரோல் என்றே நினைக்கிறார்கள். ஃபெடரல் வழக்குகளில் பரோலை எடுத்தாயிற்று. 1984இல் வந்த தண்டனைச் சீர்திருத்தச் சட்டம் அதை ஒழித்து, 1987 நவம்பர் 1 முதல் நடந்த குற்றங்களுக்கு 'சூப்பர்வைஸ்டு ரிலீஸ்' என்ற கண்காணிப்பு விடுதலையைக் கொண்டுவந்தது. பரோலில் வந்தவர் தன் தண்டனையின் மிச்சத்தை வெளியில் கழிப்பார். கண்காணிப்பு விடுதலை அப்படி மிச்சத்தில் வருவதில்லை. சிறைக்காலத்தை அனுபவித்து வந்த பிறகு அதன் மேல் கூடுதலாக ஏறுவது. சிறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒருவரைக் கைபிடித்து நடத்திப் போவதுதான் நோக்கம் என்று சொல்லித்தான் அதைக் கொண்டுவந்தார்கள்.

வெளியே வந்த 72 மணி நேரத்துக்குள் ப்ரொபேஷன் அதிகாரியைப் பார்க்க வேண்டும். வாரம் குறைந்தது 30 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தேட வேண்டும். வீடு மாறுவதென்றால் 10 நாள் முன்பே சொல்ல வேண்டும். அனுமதியில்லாமல் அந்த நீதிமன்ற மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. அதிகாரி எந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தாலும் உள்ளே விட வேண்டும். இவையெல்லாம் ஏறக்குறைய எல்லோருக்கும் உள்ளவை. போதைப்பொருள் வழக்கில் வந்தவருக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் சேர்ந்துகொள்ளும். இதில் ஏதாவது ஒன்று தவறினால், முதலில் தண்டித்த நீதிமன்றத்திலேயே, பெரும்பாலும் அதே நீதிபதியின் முன்னால் போய் நிற்க வேண்டும். அங்கே ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு, கிடையாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பதும் கிடையாது. நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். ஜூரி இல்லாத இந்த முறைக்கு உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு இடத்தில் கடிவாளம் போட்டிருக்கிறது. 2019இல் ஹேமண்ட் என்பவரின் வழக்கில், குறிப்பிட்ட சில மீறல்களுக்குக் குறைந்தது ஐந்து வருடம் கட்டாயமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றிருந்த பிரிவை 5-க்கு 4 என்ற கணக்கில் செல்லாது என்றது. மற்ற மீறல்களுக்குப் பழைய முறைதான்.

இன்னொரு விஷயத்தைச் சொன்னபோது தம்பி நம்பவில்லை. விடுதலையை ரத்து செய்தால், அதுவரை ஒழுங்காகக் கழித்த கண்காணிப்புக் காலம் கணக்கில் வராது. எங்கள் ஆளுடைய வழக்கு 'சி' வகைக் குற்றம் என்பதால் ரத்துக்கு அதிகபட்சம் இரண்டு வருடம் சிறை. ஒன்றரை வருடம் சொன்னபடி கேட்டு நடந்ததற்கு அந்த இரண்டு வருடத்திலிருந்து ஒரு நாளும் கழியாது. சிறைக்குப் போய் வந்த பிறகு மீண்டும் கண்காணிப்பு போடவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. இப்படி வருடக்கணக்கில் உள்ளே வெளியே என்று போய்வருபவர்களை எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். முதலில் செய்த குற்றம் என்ன என்பதே பேச்சில் மறைந்துபோய், எந்தப் பரிசோதனையைத் தவறவிட்டார் என்பதுதான் அவர்களுடைய வாழ்க்கைக் கதையாகிவிடுகிறது.

நீதிமன்றத்தில்

விசாரணை அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அவர் மீறல்களை ஒப்புக்கொண்டார். பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள், பரிசோதனை முடிவு ஆவணமாகவே இருக்கும்போது மறுத்து என்ன செய்வது? ஆகவே பேச்செல்லாம் எவ்வளவு காலம் என்பதைப் பற்றித்தான். இந்த வகை மீறலுக்கு, முந்தைய குற்றப் பதிவு குறைவாக உள்ளவருக்கு, தண்டனைக்கான வழிகாட்டு நெறிகள் சொல்வது 3 முதல் 9 மாதம். அது அறிவுரை மட்டுமே, கட்டாயமில்லை. அரசு வக்கீல் ஒன்பது கேட்டார். இவருக்காக வாதாடிய ஃபெடரல் பொதுப் பாதுகாப்பு வக்கீல் (வசதியில்லாதவர்களுக்காக அரசு செலவில் வாதாடுபவர்) மூன்று மாதம் போதும் என்றார். நன்றாகவே வாதாடினார். வேலைக்குத்தான் எல்லை தாண்டினார், திருட்டுக்கு இல்லை என்றார். சம்பளச் சீட்டுகளைக் காட்டினார்.

பிறகு நீதிபதி பேசினார். கோபக்காரர் இல்லை. குரலை உயர்த்தவே இல்லை. போன தடவை தான் இரக்கம் காட்டிக் குறைவாகக் கொடுத்ததாகச் சொன்னார். அந்தக் குற்றம் எவ்வளவு பெரியது என்பது இவருக்கு இன்னும் புரியவில்லை, சட்டத்தின் மேல் மரியாதை வர வேண்டும் என்றார். உள்ளே இருந்தால் சிகிச்சையாவது ஒழுங்காகக் கிடைக்கும் என்றும் சொன்னார். மீறல்கள் பல, மறுபடி மீறுவாரோ என்ற கவலை இருக்கிறது என்றும் இடையில் சொன்னார். ஒன்பது மாதம் சிறை, பிறகு பதினெட்டு மாதம் கண்காணிப்பு. 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு தாக்கல் செய்யலாம் என்பதை முறைப்படி வாசித்தார். "வேறு ஏதாவது உண்டா?" என்று இரண்டு பக்கமும் பார்த்துக் கேட்டார். அரசு வக்கீல் இல்லை என்றார். பாதுகாப்பு வக்கீல் தன் குறிப்புகளைப் புரட்டினார், கட்சிக்காரரை ஒரு தரம் பார்த்தார், "இல்லை, யுவர் ஆனர்" என்றார். நீதிமன்றக் காவலர்களான மார்ஷல்கள் இருவர் வந்து அவரை அங்கிருந்தே அழைத்துப் போனார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு அதில் எதுவும் தப்பாகப் படவில்லை. ஒன்பது மாதம் என்பதுதான் காதில் நின்றது. அந்த "இல்லை, யுவர் ஆனர்" என்ற பதில் எவ்வளவு பெரிய கதவை அடைத்தது என்பது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அதே பிப்ரவரியில் வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் எட்கார்டோ எஸ்டெராஸ் என்பவரின் வழக்கில் வாதம் கேட்டது. ஒஹாயோவில் ஹெராயின் விற்பனைச் சதி வழக்கில் 12 மாதச் சிறையும் ஆறு வருடக் கண்காணிப்பும் பெற்றவர் அவர். கண்காணிப்பில் இருந்தபோது வீட்டு வன்முறை உள்ளிட்ட புதுக் குற்றச்சாட்டுகள் வந்தன. மாவட்ட நீதிபதி விடுதலையை ரத்து செய்து 24 மாதம் கொடுத்தார். கொடுக்கும்போது, முந்தைய தண்டனை கொஞ்சம் இரக்கமாகவே இருந்தது என்றும், இந்தத் தண்டனை சட்டத்தின் மேல் மரியாதையை வளர்க்க வேண்டும் என்றும் காரணம் சொன்னார். 2025 ஜூன் 20 அன்று வந்த தீர்ப்பில் இந்த வரிகளைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கிட்டத்தட்ட அதே சொற்களை நான் ஒரு பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எமி கோனி பாரட். 7-க்கு 2. அதன் தர்க்கம் எளிமையானது. ஒருவருக்கு முதன்முதலில் தண்டனை விதிக்கும்போது எதையெல்லாம் எடைபோட வேண்டும் என்று சட்டம் ஒரு பட்டியல் தருகிறது. கண்காணிப்பு விடுதலையை ரத்து செய்யும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வேறொரு பிரிவு, அந்தப் பட்டியலிலிருந்தே பொறுக்கி எடுத்துச் சொல்கிறது. பொறுக்கும்போது முக்கியமான ஒன்றை விட்டிருக்கிறது: குற்றத்தின் கடுமை, சட்டத்தின் மேல் மரியாதை, நியாயமான தண்டனை என்ற மூன்றும் சேர்ந்த உட்பிரிவு. அதாவது, செய்த குற்றத்துக்குப் பதிலடி என்ற நோக்கம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை விட்டது தற்செயல் இல்லை. குற்றத்துக்கான பதிலடி முதல் தண்டனையோடு முடிந்துவிட்டது. கண்காணிப்பு என்பது ஆளைத் திருத்தி ஊரோடு சேர்ப்பதற்கு. ஆகவே ரத்து செய்கிற நீதிபதி பழைய குற்றத்துக்காக மறுபடி பதிலடி கொடுக்கக் கூடாது. நீதிபதிகள் அலிட்டோவும் கோர்சச்சும் இதை ஏற்கவில்லை. ஒரு காரணத்தை மனதிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் எடைபோடு என்று மாவட்ட நீதிபதிகளிடம் சொல்வது நடக்கிற காரியமா என்பது அலிட்டோவின் கவலை. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அதற்காகச் சட்டத்தில் எழுதாததைச் சட்டமாக்க முடியாது.

சிகிச்சை கிடைக்கும் என்று சிறைக்கு அனுப்புவதும் ஆகாது. அது 2011இலேயே தீர்ந்த விஷயம். அலெஹாந்திரா டாப்பியா என்ற பெண்ணுக்குச் சிறையில் உள்ள 500 மணி நேரப் போதை மீட்புத் திட்டத்தில் சேர வசதியாக 51 மாதம் கொடுத்திருந்தார்கள். திருத்துவதற்காகச் சிறைக்காலத்தை நீட்டக் கூடாது என்று நீதிபதி எலினா கேகன் எழுத, ஒன்பது பேரும் ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் அந்தப் பெண்ணை அந்தத் திட்டத்தில் சேர்க்கவே இல்லை என்பதையும் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. யாரைத் திட்டத்தில் சேர்ப்பது என்பது சிறைத்துறையின் முடிவு. நீதிபதி சிபாரிசு மட்டும்தான் செய்ய முடியும்.

இப்போது எங்கள் ஆளிடம் வருவோம். பழைய இரக்கம், குற்றத்தின் கடுமை, சட்டத்தின் மேல் மரியாதை, உள்ளே கிடைக்கும் சிகிச்சை. நீதிபதி அழுத்திச் சொன்ன இந்தக் காரணங்கள் எல்லாமே கேள்விக்குரியவை. அப்படியானால் மேல்முறையீட்டில் ஜெயித்திருக்க வேண்டுமே?

இங்கேதான் அந்த அரை நிமிடம் வருகிறது. கீழ் நீதிமன்றத்தில் ஆட்சேபணை சொல்லாத ஒன்றை மேலே போய்ப் பேசினால், மேல் நீதிமன்றம் அதை வேறு கண்ணாடி போட்டுப் பார்க்கும். தப்பு நடந்திருந்தால் மட்டும் போதாது. அது சந்தேகமில்லாமல் தெரிகிற தப்பாக இருக்க வேண்டும், முடிவையே மாற்றியிருக்கக் கூடியதாக இருக்க வேண்டும், நீதிமன்றத்தின் நேர்மைக்கே குந்தகம் என்று சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும். எஸ்டெராஸ் தீர்ப்பும் இதைத்தான் சொல்கிறது. ஆட்சேபணை இல்லையென்றால், நீதிபதி அந்தத் தடுக்கப்பட்ட காரணத்தை உண்மையிலேயே நம்பித்தான் தண்டித்தார் என்பது பட்டவர்த்தனமாகத் தெரிய வேண்டும். வாயில் வந்துவிட்டது, ஆனால் முடிவுக்கு அது காரணமில்லை என்று படிக்க இடமிருந்தால் தண்டனை நிற்கும். ஆட்சேபணை சொல்லியிருந்தால் நிலைமையே வேறு. நீதிபதி அங்கேயே தன்னைத் திருத்திக்கொள்ளலாம், என்ன காரணம் என்று விளக்கலாம்; விளக்காவிட்டால் மேலே அந்தக் குறை அவர் தலையில் நிற்கும். எஸ்டெராஸின் வக்கீல் அதைச் சொல்லியிருந்தார். அதனால்தான் அவர் பெயரில் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

நான் இதை விசாரிக்கப் போனபோது, "அவர்தான் மூன்று மாதம் கேட்டாரே, அது ஆட்சேபணை ஆகாதா?" என்று எனக்கும் தோன்றியது. பாதி ஆகும். 2020இல் ஒல்கின்-எர்னாண்டஸ் வழக்கில் இதே மாதிரி ஒரு கண்காணிப்பு ரத்துதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. குறைவான காலம் கேட்டு வாதாடியவர், தண்டனை அளவுக்கு மீறி நீளம் என்ற வாதத்தை மேலே எழுப்ப, தீர்ப்புக்குப் பிறகு எழுந்து தனியாக ஆட்சேபணை சொல்லத் தேவையில்லை என்று நீதிபதி பிரையர் எழுதினார், அனைவரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அது நீளத்துக்கு மட்டும். நீதிபதி எடுத்துக்கொண்ட காரணம் தப்பு என்ற வாதத்துக்கு அந்தத் தீர்ப்பு கை கொடுக்கவில்லை. நீளத்தைப் பற்றிய வாதமோ, நெறிகள் சொல்கிற 3 முதல் 9 மாதத்துக்குள் அடங்கிய ஒரு தண்டனையில் ஏறக்குறைய எடுபடாது. ஆக, பாதுகாப்பு வக்கீல் காப்பாற்றியது பலவீனமான வாதம். பலமான வாதம் அந்த "இல்லை, யுவர் ஆனர்" என்பதோடு போய்விட்டது.

அந்த வக்கீலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் அன்றைக்கு வேறு வழக்குகளும் இருந்தன. நீதிபதி சொன்ன காரணம் இதற்கு முன்பு யாரும் எழுத்தில் கொடுத்ததல்ல. அந்த நிமிடத்தில்தான் காதில் விழுகிறது. அதைக் கேட்டு, எந்த உட்பிரிவோடு மோதுகிறது என்று யோசித்து, இனியும் பல வருடம் தன் கட்சிக்காரர்களோடு எந்த நீதிபதி முன்னால் நிற்கப் போகிறாரோ அதே நீதிபதியைப் பார்த்து "நீங்கள் சொன்ன காரணம் சட்டப்படி ஆகாது" என்று உடனே சொல்ல வேண்டும். அதற்கு அரை நிமிடம். ஒரு மனிதனின் மேல்முறையீட்டு உரிமை முழுவதையும் இவ்வளவு ஒல்லியான ஓர் இடத்தில் தொங்கவிடலாமா என்பதுதான் என் ஆதங்கம்.

நாட்கணக்கு

மேல்முறையீடு போட்டார்கள். 14 நாளுக்குள் அறிவிப்பு போயிற்று. அதன் பிறகு நடப்பதை நாட்களாகப் பாருங்கள். விசாரணையில் பேசியதைத் தட்டச்சு செய்து ஆவணமாக்க வேண்டும். ஆவணம் மேல் நீதிமன்றம் போய்ச் சேர்ந்த பிறகு முதல் வாதுரைக்கு 40 நாள். அரசின் பதிலுக்கு 30 நாள். மறுபதிலுக்கு 21 நாள். யாரும் ஒரு நாள்கூட அவகாசம் கேட்காவிட்டாலே இது மூன்று மாதத்தைத் தாண்டிவிடும். அப்புறம்தான் மூன்று நீதிபதிகளின் மேசைக்குப் போய் வரிசையில் நிற்கும். 3 முதல் 9 மாதம் என்ற தண்டனையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நன்னடத்தைக்காக நாள் குறைப்பதும் இவருக்கு இல்லை. ஃபெடரல் சட்டத்தில் அது ஒரு வருடத்துக்கு மேற்பட்ட தண்டனைக்கு மட்டும்தான். பன்னிரண்டு மாதமும் ஒரு நாளும் கொடுங்கள் என்று வக்கீல்கள் கேட்பதன் ரகசியம் அதுதான். ஒன்பது மாதம் என்றால் ஒன்பது மாதம்தான்.

தம்பி கேட்ட ஜாமீன் இங்கே சட்டத்தில் இல்லாமல் இல்லை. ஓடிப்போக மாட்டார், யாருக்கும் ஆபத்தில்லை என்று வலுவான ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும்; அதற்கு மேல், மேல்முறையீட்டில் கனமான சட்டக் கேள்வி ஒன்று இருப்பதாகக் காட்ட வேண்டும். அந்தப் பிரிவில் ஒரு வரி இருக்கிறது: ஜெயித்தால் கிடைக்கக்கூடிய குறைந்த தண்டனை, ஏற்கெனவே கழித்த நாளையும் மேல்முறையீட்டுக்கு ஆகும் காலத்தையும் சேர்த்த கணக்கைவிடச் சின்னதாக இருக்கும் என்பதும் விடுவிப்பதற்கான காரணங்களில் ஒன்று. முறையீடு முடிவதற்குள் தண்டனை தீர்ந்துவிடும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் நிபந்தனையை மீறி நிற்கிறவரை நம்பி வெளியே விடுவது இந்த வழக்குகளில் அபூர்வம். ஆட்சேபணையே பதிவாகாத வழக்கில் கனமான கேள்வி இருக்கிறது என்று சொல்வதும் கடினம். மனு தள்ளுபடியானது.

தண்டனை தீர்ந்தால் வழக்கும் தீர்ந்துபோகலாம். 1998இல் ஸ்பென்சர் என்ற மிஸ்ஸோரி மனிதரின் பரோல் ரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. நீதிமன்றங்கள் நாளைக் கடத்தியதில் அவருடைய சிறைக்காலம் முடிந்துவிட்டது. இனி தீர்ப்பு சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று வழக்கை முடித்துவிட்டார்கள். எழுதியவர் நீதிபதி ஸ்கேலியா, மாறுபட்டவர் நீதிபதி ஸ்டீவன்ஸ் ஒருவர்தான். எங்கள் ஆளுடைய வழக்கு இப்படிச் செத்துப்போகாமல் இருந்ததற்குக் காரணம், சிறைக்குப் பிறகு அவர் மேல் போட்ட பதினெட்டு மாதக் கண்காணிப்பு. ஜெயித்தால் அந்தக் காலமாவது குறையலாம் அல்லவா? ரத்துத் தண்டனையோடு புதுக் கண்காணிப்பும் பெற்றவருக்கு முறையிட வழி இருக்கிறது. சிறையை மட்டும் முழுசாகக் கழித்துவிட்டு முற்றிலும் விடுதலையானவருக்கு, அந்தச் சிறை தப்பாகவே இருந்தாலும், கேட்க இடமில்லை. இதை நான் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் அநியாயமாகத்தான் தெரிகிறது.

எஸ்டெராஸ் தீர்ப்பு வந்தபோது முதல் வாதுரை எழுதும் கட்டத்தில் இருந்தார்கள். வக்கீல் அதைச் சேர்த்துக்கொண்டார். 2013இல் ஹெண்டர்சன் என்பவரின் வழக்கில், தண்டனை விதித்த அன்று சட்டம் தெளிவாக இல்லாவிட்டாலும் மேல்முறையீடு நடக்கும் நாளில் தெளிவாகிவிட்டால் அதைத் தெளிவான தப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு இருக்கிறது. அந்த வழக்கிலும் போதைச் சிகிச்சைக்காகத்தான் நீதிபதி காலத்தை நீட்டியிருந்தார், அன்றும் வக்கீல் ஆட்சேபணை சொல்லியிருக்கவில்லை. அதைப் படித்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை வந்தது. நவம்பரில் அவர் தண்டனையை முழுசாக முடித்து வெளியே வந்தார். சில வாரம் கழித்து மேல் நீதிமன்றத்தின் முடிவு வந்தது. வாய்மொழி வாதம் இல்லாமல், சில பக்கங்களில். நீதிபதி சொன்னவற்றில் சில கேள்விக்குரியவைதான், ஆனால் மீறல்கள் பல என்பதையும், மறுபடி மீறுவார் என்ற கவலையையும் அவர் சொல்லியிருக்கிறார், தடுக்கப்பட்ட காரணத்தை நம்பித்தான் ஒன்பது மாதம் கொடுத்தார் என்பது பட்டவர்த்தனமாக இல்லை, ஆட்சேபணையும் இல்லை. தண்டனை நின்றது.

அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அந்த மாதங்கள் போனது போனதுதான்" என்றார். கூரை வேலைக்குத் திரும்பிவிட்டார், இப்போது முன்கூட்டியே அனுமதி கேட்டு. கண்காணிப்பில் ஒரு வருடம் நல்லபடியாகக் கழிந்தால், முன்னதாகவே முடித்துவிடும்படி நீதிபதியிடம் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கான மனுவைப் பற்றித்தான் இப்போது பேசுகிறோம். எனக்குத்தான் இது ஆறவில்லை.

எஸ்டெராஸ் தீர்ப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடவும் இல்லை. பழைய குற்றத்துக்குப் பதிலடி கூடாது என்றது; நிபந்தனையை மீறியதற்கே பதிலடி கொடுக்கலாமா என்பதைத் திறந்தே விட்டது. அதுவும் கூடாது என்று நீதிபதிகள் சோட்டோமேயரும் ஜாக்சனும் தனியாக எழுதினார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். இல்லாவிட்டால் நாளைக்கு நீதிபதிகள் 'குற்றம்' என்று சொன்ன இடத்தில் 'மீறல்' என்று சொல்லிவிட்டு அதே ஒன்பது மாதத்தைக் கொடுப்பார்கள்.

அதுவரைக்கும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். மேல்முறையீட்டு நடைமுறை விதிகளில் இரண்டாவது விதி, ஒரு வழக்கை விரைவுபடுத்துவதற்காக மற்ற விதிகளைத் தளர்த்திக்கொள்ள மேல் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தருகிறது. யாரும் மனு போடாமலேயே நீதிமன்றம் தானாகச் செய்யலாம். ரத்துத் தண்டனை ஒரு வருடத்துக்குள் என்றால், அந்த 40, 30, 21 நாள் கணக்கைப் பாதியாக்கி, விசாரணைப் பேச்சின் ஆவணத்தை முதல் வாரத்திலேயே வரவழைத்து, வரிசையில் முன்னால் தள்ளலாம். இந்த வழக்குகளின் ஆவணம் சின்னது. ஒரு அரை மணி நேர விசாரணையைப் படிக்க எவ்வளவு நேரமாகும்? மேல்முறையீட்டு அறிவிப்பின் முதல் பக்கத்தில், வழக்கு எண்ணுக்குக் கீழே, அந்த ஆள் சிறையிலிருந்து வெளியே வரும் தேதியை எழுத ஒரு கட்டம் இருக்க வேண்டும்.